வெண்டைக்காய்க் கண்டிஷனர்

"தலையை ஆட்டாதே மகளே, இன்னும் பாதி இருக்கு" என்றாள் கொனாடு. அவள் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்த சிறுமி ஆட்டவே இல்லை. இழுத்து இழுத்து ஆட்டியது கொனாடுவின் கைதான்.

அந்தச் சுருட்டை முடிக்குள் வாழைப்பழம் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்தால் இரண்டு உள்ளே போய் ஒளிந்துகொண்டன.

சந்தையில் தலைக்குத் தடவும் ஷியா வெண்ணெய் விற்கும் பிராகோ கலக்கச் சொன்னது என்னவோ அவகாடோதான். பழுத்தது கிடைக்காமல், எல்லாம் பழம்தானே என்று வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டது கொனாடுவின் சொந்தப் புத்தி. வெண்டைக்காயை வேகவைத்துப் பிழிந்த கொழகொழப்பை மட்டும் ஒழுங்காகத் துணியில் வடிகட்டியிருந்தாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பன்னிரண்டு வயதிலிருந்தே சுருட்டையை நேராக்கும் க்ரீம் போட்டு நீட்டிவிட்ட முடி அவளுடையது. சுருட்டை முடிக்குச் சிக்கெடுக்க வேண்டும் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை.

ஆனால் புருஷன் ஆப்பியாவின் மகளுக்குக் கடைச் சரக்கு ஆகாது. செத்துப்போன அவள் அம்மா எல்லாவற்றையும் வீட்டிலேயே கலக்கித் தடவித்தான் வளர்த்தாளாம். அப்பாவின் இரண்டாம் கல்யாணத்துக்குக்கூட வராமல் சுன்யானியில் அத்தை வீட்டிலேயே இருந்துவிட்ட பெண், இன்றுதான் குமாசிக்கு வருகிறாள்.

விடியற்காலையில் லாரியை எடுக்கும்போது ஆப்பியா தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். "ஒரு வாரம் இருந்து பாக்குறாளாம். உன்னைப் பிடிக்கலைன்னா அத்தை வீட்டுக்கே போயிடுவாளாம். தெரிஞ்ச வேன் டிரைவர் மதியத்துக்கு மேல வாசல்ல இறக்கிவிடுவான். நீ பாத்துக்கோ."

"நான் என்னத்தைப் பாத்துக்க? எனக்குப் பிள்ளை வளத்துப் பழக்கமா?"

"பேரைச் சொல்லி அதட்டாதே. மகளேன்னு கூப்பிடு. அது போதும்."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு நாள்தான் ஆகிறது. யாரையாவது துணைக்குக் கூப்பிடலாம் என்றால் சனிக்கிழமை, அந்த ஊரில் சாவுச் சடங்குகளுக்கான நாள். முற்றத்தைச் சுற்றியிருந்த எட்டுக் குடித்தனமும் கறுப்பு உடுத்திக்கொண்டு கிளம்பிப் போயிருந்தது.

மதியம் பத்து வயதுத் தலை ஒன்று முற்றத்தில் எட்டிப் பார்த்ததும் கொனாடு துள்ளி எழுந்தாள். "வந்துட்டியா மகளே! வா, இப்படி வந்து உக்காரு" என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண் ஓடி வந்து உட்கார்ந்தது.

தலையில் கை வைத்தால் விரல் உள்ளே போகவில்லை. சிக்கு கல் மாதிரி இருந்தது. அத்தைக்காரி சீப்பே காட்டவில்லை போலிருக்கிறது என்று கொனாடுவுக்கு வயிறு எரிந்தது.

இப்போது அலசலாம் என்று எழுந்துபோய்க் குழாயைத் திறந்தால், புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. பிள்ளையின் தலை நிறைய வெண்டைக்காயும் வாழைப்பழமும் வெண்ணெயும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கொனாடுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பின்னாடி நீல ட்ரம்ல இருக்கும்மா. மூடி மேல கல்லு வெச்சிருக்கும், தள்ளிட்டு எடுங்க" என்றது சிறுமி.

இருந்தது. நான்கு வாளி ஊற்றிய பிறகுதான் வாழைப்பழம் மனசு வைத்தது. மறுபடியும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதே."

"கொஞ்சம் வலிக்குது. ஆனா நிறுத்திடாதீங்கம்மா."

மீன்காரியிலிருந்து டீச்சர்வரை எல்லாப் பெண்களையும் அந்த ஊர்ப் பிள்ளைகள் அம்மா என்றுதான் கூப்பிடும். அது கொனாடுவுக்கும் தெரியும். தெரிந்தும் சீப்பை இன்னும் மெதுவாக இழுத்தாள்.

"என்னைத் திட்டணும்னா திட்டிடு. இதெல்லாம் எனக்குத் தெரியாது மகளே. இன்னைக்குத்தான் முதல் தடவை."

"எனக்கும்தான்."

வெயில் சாய்ந்தபோது தலை முழுக்க முறுக்கு முறுக்காகப் பின்னல்கள் தொங்கின. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. வகிடு மழைத்தண்ணீர் போன வழி மாதிரிக் கோணிக்கொண்டு போனது. பார்க்கிறவர்கள் சிரிக்கப்போகிறார்கள் என்று கொனாடு பயந்துகொண்டே கண்ணாடியை நீட்டினாள்.

சிறுமி வெகுநேரம் பார்த்தது. ஒவ்வொரு பின்னலாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பிறகு திரும்பி, கொனாடுவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மடியில் முகத்தைப் புதைத்தது.

ஒரு வாரம் எதற்கு? ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டதே! கொனாடுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலியாகக் கிடந்த முற்றம் முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னாள்.

"நீதாண்டி என் மக! எனக்கு நீ ஒருத்தி போதும். வேற எந்தப் பிள்ளையும் இந்த வீட்டுக்கு வேண்டாம்!"

சிறுமி மெதுவாகத் தலையை நிமிர்த்தி, கொனாடுவின் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தது.

"அந்தப் பொண்ணு யாரும்மா? பெட்டியோட ரொம்ப நேரமா நின்னு நம்மளையே பாக்குது."