பத்தொன்பதாவது வரி

மறுபடியும் கோணல்.

நாற்பத்துமூன்று பெயர்கள். புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவர்கள். பெயர்கள் ஒரு பட்டியலில். அவர்களைப் பற்றிய தகவல் இன்னொன்றில். இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து எதிரெதிரே அச்சிட வேண்டும். பைத்தான் கணினி மொழியில் நான்கு வரி வேலை.

ஆங்கிலத்தில் நூல் பிடித்தாற்போல் நின்றது. தமிழில் ஒவ்வொரு வரியும் ஒரு பக்கம் ஓடியது. ‘கி’ கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்கு இரண்டு.

"வாசல்ல பொம்பளைங்க காலைலேருந்து நிக்காவ பிள்ள" என்றார் துறைமுக அலுவலக மேற்பார்வையாளர் பெலவேந்திரன். "பதினெட்டாவதா இன்னொரு பேரு சேத்துக்க. விட்டுப்போச்சு."

கணினி முன் உட்கார்ந்திருந்தவள் சேர்த்தாள். அந்த ஆளுக்குரிய தகவலை மற்றப் பட்டியலின் கடைசியில் போட்டாள்.

கண்ணெல்லாம் கோணலில்தான் இருந்தது.

இடைவெளியைக் கூட்டினாள். குறைத்தாள். எழுத்துருவை மாற்றினாள். விசைப்பலகையை ஓங்கித் தட்டினாள்.

பதினோராவது தடவை நேராக வந்தது.

கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினாள்.

வாசலில் நின்ற பிலோமி விரல் வைத்து வாசித்தாள். பத்தொன்பதாவது வரி. கணவனின் பெயர். எதிரே, கரை சேர்ந்தார்.

விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டாள். வீட்டைப் பார்த்து ஓடினாள்.

கூட்டத்திலிருந்து ஒருவன் முன்னால் வந்தான். தலைமுடியில் உப்பு காய்ந்திருந்தது.

"எக்கா, நான் வந்து மூணு மணி நேரமாச்சு. எனக்குத் தகவல் இல்லைன்னு போட்டிருக்கியளே."

தாளை ஒட்டியவள் உள்ளே ஓடினாள்.

பதினெட்டிலிருந்து எல்லோருக்கும் அடுத்தவருடைய தகவல்.

திருத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. கடைசியில் கிடந்ததை எடுத்துப் பதினெட்டில் வைத்தாள். அவ்வளவுதான்.

புதுத் தாள் சூடாக வெளியே வந்தது. இம்மியும் கோணல் இல்லை.

பத்தொன்பதாவது வரியை மட்டும் வாசித்தாள்.

தகவல் இல்லை.

"ஒட்டிரலாமா?" என்றார் பெலவேந்திரன்.

"நீங்க ஒட்டுங்க சார்."

செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி நடந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் பிலோமியின் வீடு. கதவு விரியத் திறந்திருந்தது. முற்றத்து அடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்தது. பக்கத்தில் துண்டும் சோப்பும்.

புகைக்குள்ளிருந்து பிலோமி நிமிர்ந்தாள்.

"வா பிள்ள. நீயா கூட்டிட்டு வந்த?"

அவளுடைய தோளுக்குப் பின்னால் எட்டித் தெருவைப் பார்த்தாள்.