தாழ்ப்பாள் காட்சி

ஊருக்கு வெளியே தன்னந்தனியாக நிற்கும் இந்த வீடு இயக்குநரின் சொந்த வீடு. அதனால் வாடகை மிச்சம். நடிகைக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியில்லாததால், பெற்ற மகளை அறைக்குள் அடைத்துவைக்கும் தாயாக அவனுடைய அம்மாவே நடிக்கிறாள். காட்சி என்னவோ சின்னதுதான். உள்ளே மகளாக நடிக்கும் அவன் தங்கை கதவைத் தட்டி அழ வேண்டும். அம்மா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வர வேண்டும். காலையிலிருந்து அம்மா தாழ்ப்பாளைப் போடுகிறாள், அழுகை கேட்டதும் ஓடிப்போய்த் திறந்துவிடுகிறாள். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருப்பதால் எல்லோருக்கும் வியர்த்து வழிகிறது. ஜன்னல் வெயில் தரையை விட்டுச் சுவரேறி மங்கிக்கொண்டே வருகிறது. கேமராக்காரர் கொட்டாவியை விழுங்குகிறார். இயக்குநருக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ஏம்மா உயிரை வாங்கற? இது பேய்ப்படம். அவ சும்மாதான் அழறா. கொஞ்ச நேரம் காதுல விழாத மாதிரி இருந்துடேன்."

அம்மா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. "உங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு," என்கிறாள். "உங்க அத்தை இதுக்குள்ள அழுதப்ப."

யாரோடோ ஓடிப்போய்விட்டாள் என்றே அவன் கேட்டு வளர்ந்த அத்தை. கதை முழுக்கத் தன் கற்பனை என்று அவன் நேற்றுவரை எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறான். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது.

"அண்ணா, இன்னும் அழணுமா?" என்று உள்ளேயிருந்து தங்கை கேட்கிறாள்.

"வேணாம்டி, வெளிய வா," என்று அம்மா கதவை அகலத் திறக்கிறாள்.