மாத்திரையை மாத்துங்க

"மாத்திரையை மாத்துங்க, டாக்டர். இதைப் போட ஆரம்பிச்சதுலேர்ந்து இவளுக்கு என் மேல ஆசையே இல்லாம போச்சு."

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குரலை அடக்கிப் பேசிப் பழக்கமில்லை. மொட்டை மாடியில் நின்றுகொண்டு கீழ்த்தளத்தில் இருக்கும் ஆளிடம் கத்துகிற தொழில். அறைக் கதவு வேறு சரியாகச் சாத்தவில்லை. வெளியே பெஞ்சில் டோக்கனோடு காத்திருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, மடியில் மருந்துப் பையோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தையல் கம்பெனியில் செக்கிங் வேலை. நாலு மாதத்துக்கு முன்னால் சட்டைகளுக்குப் பட்டன் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. உங்க மனைவி செத்துப் பிழைச்சு வந்திருக்காங்க. அது ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? ஆம்புலன்ஸ்ல கூட வந்தவன் நான்தான்."

"அப்புறம் என்ன? இப்ப இதுதான் முக்கியமா?"

"முக்கியம்தான். மாத்திரை நெஞ்சைக் காப்பாத்தட்டும், யாரு வேணாம்னா? மத்ததையும் சேர்த்துத் துடைச்சு எடுக்கணுமா?"

பிபி மிஷினோடு நின்றிருந்த நர்ஸ், அதன் பட்டையைத் தேவைக்கு மேல் இறுக்கிச் சுருட்டினாள்.

"அஞ்சு நாளா மாத்திரையே போடல இவ" என்றார் மெக்கானிக். "நான்தான் போடாதேன்னு சொன்னேன்."

மனைவி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். வாயைத் திறக்கவே விடமாட்டான் போலிருக்கிறது என்று நர்ஸ் பல்லைக் கடித்தாள்.

டாக்டருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உங்களுக்கு மூளை இருக்கா? இதைத் திடீர்னு நிறுத்தினா ஆளே போயிடலாம், தெரியுமா?"

"தெரியும்." மெக்கானிக் ஒரு நொடி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். உடனே குரல் பழையபடி ஏறியது. "அதனாலதான் ஓடி வந்திருக்கேன். வேற எழுதிக் குடுங்க. குடுக்கற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன். வெளியே இருபது பேர் காத்துக்கிட்டிருக்காங்க. உங்க இஷ்டம்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மாதிரி ஆளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று நினைத்திருக்க வேண்டும். ஃபைலைப் புரட்டினார், ஒரு வரியை அடித்தார், வேறு ஒன்றை எழுதினார். முழுசாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதுல அந்தத் தொந்தரவு குறைவா இருக்கும். ஆனா ஒரு நாள்கூட விடக் கூடாது. முதல்ல ஈசிஜி எடுத்துப் பார்த்துடலாம். நீங்க வெளியே போய் நில்லுங்க."

மெக்கானிக் வெளியே வந்தார். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், அவர் தன் பக்கத்தில் உட்கார்ந்துவிடப் போகிறாரோ என்று பையைத் தூக்கிக் காலி இடத்தில் வைத்தார்.

"நெஞ்சு வலிக்காரியைக்கூட விட்டு வைக்க மாட்டான் போல" என்றாள் ஒரு அம்மாள், அவர் காதில் விழும்படியே.

அவர் கிரீஸ் படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

ஈசிஜி அறையில் நர்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள். வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு. அது கெடக்கட்டும். கேக்கறேனேன்னு தப்பா நினைக்காதீங்கக்கா, இந்த மனுஷனோட எப்படித்தான் குடும்பம் நடத்தறீங்க? மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்காரே, மனசாட்சி வேணாம்?"

"அவர் சொல்லல. நானாத்தான் நிறுத்தினேன்."

நர்ஸின் கை நின்றது.

"நேத்துதான் அட்டையை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிச்சார். சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்."

"ஏன்க்கா நிறுத்தினீங்க? உயிர் மேல ஆசையில்லையா?"

"இருக்கு. எல்லா ஆசையும் இருந்துச்சு. இப்ப அவர் கையைப் பிடிச்சா, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் கை பட்ட மாதிரி இருக்கு. இருபத்தாறு வருஷமா எனக்குள்ள இருந்த ஆசைம்மா அது. அவருக்காக இல்ல, எனக்கே எனக்காகத் திரும்ப வேணும்."

அவள் குரலில் கூச்சம் துளிகூட இல்லை. நர்ஸ்தான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மிஷினைப் பார்த்தாள்.

"அதை நீங்களே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா? பாவம், அவர் எத்தனை பேர் வாயில விழுந்துட்டார்!"

"சொன்னேனே. போன மாசம் தனியா வந்து, அதே நாற்காலியில உட்கார்ந்துதான் சொன்னேன். 'இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்'னு டாக்டர் சிரிச்சார். பக்கத்துல பிபி மிஷினோட நின்னுக்கிட்டு நீயும் சேர்ந்துதான் சிரிச்சே."