உடும்புப் பிடி

"அண்ணே, கையை விடுங்க! கீழே வலை இருக்கு!"

சர்க்கஸ் 'பார்' ஊஞ்சலில் தாவப் பழக வந்த மூன்றாவது வாரமும் அவர் கம்பியை விடவில்லை. ஊஞ்சல் ஆடி நின்ற பிறகும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தார்.

"முப்பது அடிதானே? உயரம்னா இவ்வளவு பயமா?" கீழேயிருந்து கத்தினாள், பயிற்சி கொடுக்கும் பெண்.

"பயமெல்லாம் இல்லம்மா. ஆமா, அந்த மேல் ஜன்னல் கண்ணாடியை யாரும் துடைக்கிறதே இல்லையா?"

"பேச்சை மாத்தாதீங்க. நாள் பூரா ஆபீஸ்ல நாற்காலியில உக்காந்தே வேலையா?"

"நாப்பது மாடிக் கட்டடத்துக்கு வெளியே கயித்துல தொங்கிக் கண்ணாடி துடைக்கிறேம்மா. இருபது வருஷமா."

அவள் அண்ணாந்து அவர் கைகளைப் பார்த்தாள்.

"பிடிச்ச பிடியை விடாததாலதான் இன்னும் உயிரோட இருக்கேன். கீழே வலை இருக்கிறதுதாம்மா எனக்குப் புதுசு."