பன்னிரண்டு நிமிஷம்

"மறுபடியும் சிவப்பு! நிறுத்துடா அதை!"

தலைவர் கத்தியதும், ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவன் பதறிப்போய் மவுஸைப் பிடித்தான்.

சர்வரில் யார், எந்த அறையிலிருந்து, எத்தனை நிமிடமாகத் தேடுகிறார்கள் என்பது அவன் திரையில் கட்டம் கட்டமாக ஓடும். பத்து நிமிடம் தாண்டிய தேடல் சிவப்பாகும். நிறுத்தாவிட்டால் டோக்கன் கவுண்டர்கள் உறைந்துவிடும்.

ஒரு கிளிக். சிவப்பு மறைந்தது.

"யாரு அது?"

"ரெக்கார்டு ரூம் சார். காலையிலேருந்து நாலாவது தடவை."

"ஆமை அக்காவா? வேலையில ஆமை, தொல்லையில முயல்! கீழ போய் நறுக்குன்னு கேட்டுட்டு வா. இன்னொரு தடவை கவுண்டர் நின்னுச்சு, உன்னை நிரந்தரம் பண்ற பேச்சே கிடையாது."

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினான். வீட்டின் முதல் பட்டதாரி. 'லெட்டர் வந்துச்சாடா?' என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

ரெக்கார்டு ரூமில் ஆமை அக்கா திரையை வெறித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் திறக்காத சாப்பாட்டு டப்பா.

"என்னக்கா தேடுறீங்க? ஆஸ்பத்திரியே நிக்குது!"

"நல்லவேளை வந்தீங்க தம்பி. பேர் தெரியாம ஒருத்தரைச் சேர்த்திருக்காங்க. நினைவே இல்ல. ரெண்டு மணிக்கு ஆபரேஷன். எந்த மருந்து ஒத்துக்காதுன்னு தெரியாம டாக்டர் தவிக்கிறார். பையில நம்ம ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு, ஆனா நனைஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதை வச்சுத் தேடுறீங்க?"

"இடது தோள்ல தீக்காயத் தழும்பு. அது ஒண்ணுதான் அடையாளம். பத்து வருஷ ரெக்கார்டையும் துழாவ பன்னெண்டு நிமிஷமாவது வேணும். பத்தாவது நிமிஷம் யாரோ வெட்டிவிடறாங்க! உங்க ரூமுக்குப் போன் போட்டா எந்நேரமும் பிஸி. இதோ, திரும்பப் போட்டிருக்கேன். அந்தப் புண்ணியவான் யாருன்னு கொஞ்சம் கண்டுபிடிச்சுச் சொல்லுங்களேன்."

மணி ஒன்று நாற்பது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் போன் அடித்தது. தலைவர்.

"டேய், திரும்ப ஓடுதுடா! யாரு அது?"

தன் திரையில் 'ஏன்' என்பதற்கு ஒரு கட்டம் இல்லாதது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அக்காவைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னான்.

"நாலு தடவை நிறுத்தினது நான்தான் சார். இப்ப ஓட விடறதும் நான்தான். பன்னெண்டு நிமிஷம் யாரும் தொடாதீங்க."