பிஸ்கட் டப்பாவில் லைசென்ஸ்

1932, தூறல் விழுந்த ஒரு மத்தியானம். பினாங்கில் அந்தக் காரில் இருந்தவர்கள் மூன்று பேர். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி அப்புத்துரை. கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைக் கோட்டு வியர்வையில் ஒட்டியிருந்தது. பின் சீட்டில், மடியில் பிஸ்கட் டப்பாவோடு சீனி முகம்மது. கதவோரப் படியில் தொற்றிக்கொண்டு கான்ஸ்டபிள் ராமசாமி.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் கார் ஒரு பழவண்டியை இடித்துவிட்டிருந்தது. லைசென்ஸ் எங்கே என்று ராமசாமி கேட்டதற்கு, அப்புத்துரை பின்னால் கையைக் காட்டினார்.

டிரைவர் வேறு வீட்டுக்கு ஓடிவிடக் கூடாதென்று அவன் லைசென்ஸை முதலாளியே வாங்கி வைத்துக்கொள்வதை ராமசாமி நிறையப் பார்த்திருக்கிறார். பின் சீட்டுக்கு ஒரு சலாம் போட்டார்.

"டப்பாவத் திறங்கய்யா."

"மழை தூறுதுலா! ஒரு சொட்டு விழுந்தா மை கலைஞ்சிடும். ஸ்டேஷன்ல காட்டுறேன்." சீனி முகம்மது டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். "கிளச்ச மெல்ல விடுங்க, குலுங்குது."

ஸ்டேஷனில் மழை இல்லை. ஆனால் ஃபேன் சுற்றியது.

"பறந்துடும்," என்றார் சீனி முகம்மது.

ஃபேனை நிறுத்தினார்கள்.

"இப்ப கை வேர்க்குது. வேர்வையோட தொட்டா கடுதாசி ஊறிடும்."

"கையத் துடைச்சுக்கங்க."

"டப்பாவ எங்க வைக்கிறது? மேஜையெல்லாம் எறும்பு."

ராமசாமிக்கு டப்பாவைப் பிடுங்கிவிடலாம் என்றுதான் இருந்தது. பெரிய இடத்து ஆளைத் தொட்டுவிட்டு வேலையை யார் இழப்பது?

அப்புத்துரை சீனி முகம்மதின் பக்கம் திரும்பினார். "ஒருக்காத் திறந்து காட்டனப்பா! கந்தோரில வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிஞ்சா என்ர மானம் போயிடும்."

"பெரியவர்கிட்ட மரியாதையாப் பேசு," என்று அதட்டினார் ராமசாமி.

"நான் ஆரெண்டு..."

"லைசென்ஸ் காட்டாத ஆளு. வேற யாரு?"

சீனி முகம்மது டப்பா மூடியில் காதை வைத்துக் கேட்டார். "பூச்சி அரிக்கிற சத்தம் இல்ல," என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

அதற்குமேல் ராமசாமிக்குப் பொறுமை இல்லை. அப்புத்துரையின் கோட்டுக் காலரைப் பிடித்து லாக்கப்புக்குள் தள்ளினார். இரும்புக் கதவு அறைந்து மூடியது. பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.

பிறகு திரும்பி, பணிவாகக் கேட்டார்: "உங்க டிரைவர் உள்ள போயிட்டான். இனி கார யாருய்யா ஓட்டுவாங்க?"

"நான்தாங்க டிரைவர், கையில டப்பா இருக்கேன்னு முதலாளிய ஓட்டச் சொன்னேன்."