பாதிக் கட்டில்

கட்டிலை நடுவில் அறுத்து இரண்டாக்கித் தர வேண்டும் என்றார் அண்ணாதுரை.

தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று முனீரா முதலில் நினைத்தாள். சிங்கப்பூரின் கிராஞ்சியில் இருக்கும் அவளுடைய பட்டறைக்குப் பழைய மரம் எல்லாம் வந்து சேரும். இடித்த கடைவீட்டுக் கதவுகள், வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் தூக்கி எறிந்த அலமாரிகள், சரக்குப் பலகைகள் எல்லாம் அங்கே மேசையாகவும் கண்ணாடிச் சட்டமாகவும் மாறி லிட்டில் இந்தியா கடைகளுக்குப் போகும். ஆனால் நல்ல தேக்குக் கட்டிலைக் கொண்டுவந்து அறுக்கச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

"கால்கூட ஆடலையே அங்கிள். எதுக்கு அறுக்கணும்?"

"ரெண்டு பேருக்கும் தனித்தனியா வேணும்மா. ஒண்ணு பாக்கியத்துக்கு, என் வீட்டுக்காரிக்கு. இன்னொண்ணு எனக்கு."

எழுபது வயது இருக்கும். புக்கிட் பாத்தோக்கிலிருந்து லாரியில் கட்டிலோடு தானும் ஏறி வந்திருந்தார். கல்யாணமான புதிதில் வாங்கிய கட்டிலாம்.

தன்னுடையது ஹாலில்தான் கிடக்கும், பகலில் பார்த்தால் பெஞ்சு மாதிரி இருக்க வேண்டும், யாரோ படுக்கிற இடம் என்றே தெரியக் கூடாது என்றார். தலைமாட்டுப் பலகையில் மட்டும் ரம்பம் படக் கூடாது. அது முழுசாக அவள் கட்டிலுக்குப் போக வேண்டும்.

"சின்னக் கட்டிலுக்கு இவ்வளவு பெரிய பலகையா? ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்கும் லா" என்றார் பட்டறையில் மரவேலை பார்க்கும் கதிரேசன்.

"நின்னா நிக்கட்டும்."

முனீராவுக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணவன் ஃபாரூக் அவளை விட்டுப் போனபோது, எது உனக்கு, எது எனக்கு என்று வீட்டுச் சாமான்களுக்கு நடுவே நின்று பேசியவள் அவள். சோபாவுக்கு வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டாள்.

"ஆண்ட்டிக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்களேன். பாத்துட்டுச் சொல்லட்டும்."

"அவ என்கூட வெளிய வரமாட்டாம்மா."

 கூட வரவே மாட்டாள் என்றால் இந்த மனுஷன் அந்த அம்மாவை என்ன பாடு படுத்தியிருப்பாரோ என்று ஓடியது முனீராவின் நினைப்பு. வாயை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"பழசுக்கு நாங்க இங்க மரியாதை கொடுக்கிறோம் அங்கிள். வீட்டுல கொடுக்கிறதும் கொடுக்காததும் அவங்கவங்க மனசு."

அண்ணாதுரை அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். அந்தப் பக்கம் பஸ் எப்போதாவதுதான் வரும். பெரியவரை வேனில் கொண்டுபோய் விடட்டுமா என்று கதிரேசன் கேட்டார். வேலை கிடக்கிறது, வேண்டாம் என்றுவிட்டாள் முனீரா.

மறு வாரம் கட்டில்களை ஏற்றியபோது அவளும் வேனில் ஏறிக்கொண்டாள். அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும், முடிந்தால் தனியாக ஆறுதலாய் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று இருந்தது.

ஒன்பதாவது மாடி. வீடு துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. பாக்கியலட்சுமி தலைவாரிப் பொட்டு வைத்து, ஹாலில் உட்கார்ந்திருந்தார். கதிரேசனும் அண்ணாதுரையும் படுக்கையறையில் கட்டிலைப் பூட்டி முடித்ததும் அந்த அம்மா உள்ளே போய்த் தலைமாட்டுப் பலகையை மெல்லத் தடவிப் பார்த்தார். மெத்தையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கையை ஓட்டினார். முகம் தெளிந்தது.

ஹாலுக்குத் திரும்பி வந்து முனீராவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நல்லதாப் போச்சும்மா. இதுல ஒரு ஆளுக்குத்தான் இடம். முன்னாடி பக்கத்துல காலியா கிடக்கும். யாராச்சும் வந்து படுத்துடுவாங்களோன்னு பயத்துல எனக்குத் தூக்கமே வராது."

முனீராவுக்குப் புரியவில்லை. "யாரு வந்து படுக்கப் போறாங்க ஆண்ட்டி?"

பாக்கியலட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஷிப்யார்டுல வேலை. ஷிஃப்டுக்குப் போனவர் இன்னும் வரலை. இந்த அண்ணன்தான் இங்க இருக்கார். யாருன்னு தெரியலைம்மா. ஒருநாள் கண்ணு முழிச்சுப் பாத்தா என் பக்கத்துல படுத்திருக்கார். நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க. அன்னையிலேர்ந்து இந்த ஹால் தரையிலதான் படுத்துக்கிறார். கெட்டவர்னு சொல்ல முடியாது. சமைக்கிறார், என் துணியெல்லாம் துவைச்சுப் போடுறார். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும்ல? பாவம், அங்க யாரு தேடுறாங்களோ."

முனீரா நிமிர்ந்து பார்த்தாள்.

அண்ணாதுரை அறை வாசலில் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். மெதுவாக வந்து, நாலடி தள்ளியே நின்று, தண்ணீரையும் மாத்திரையையும் முக்காலியில் எட்டி வைத்தார்.

"மாத்திரையப் போட்டுக்க, தங்கச்சி" என்றார் தன் மனைவியிடம்.